ரொட்டிக்கடைப் பூச்சியின் பேரினம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வேப்பமரங்களுக்குப் பின்னால் இருந்த ஓட்டு பங்களா ஒன்றில் 'மாநிலச் சிற்றந்து வகைப்பாட்டு அலுவலகம்' என்று பலகை மாட்டினார்கள். மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம். மாவட்டத்துக்காரர்கள் இரும்பாலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்து சேர்ந்தது இந்த அலுவலகம்தான்.

அலுவலகத்துக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத ஒரு அந்துப்பூச்சி நம் பக்கத்துச் சோளக் குதிரிலும் கடலை மூட்டையிலும் பறக்கிறதே, அதையும் அதன் சொந்தபந்தங்களையும் வெள்ளைக்காரர்கள் ஒரே பேரினத்தில் அடக்கிவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் அடக்கியது சரிதானா என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

தனி அதிகாரி சரவணமுத்து, அது ஒரே பேரினம்தான் என்று உறுதியாக இருந்தார். துணை அதிகாரி கண்ணுசாமி, இரண்டு பேரினம் என்று அதைவிட உறுதியாக இருந்தார். சில பூச்சிகளின் பின்சிறகு வேரில் ஒரு சின்ன ரோமக் கற்றை இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை என்பது கண்ணுசாமியின் ஆதாரம். வெளியில் இருப்பவர்கள் இதை அறிவியல் கருத்து வேறுபாடு என்று நினைத்தார்கள். ஒரு பேரினத்துக்கு ஒரு தனி அதிகாரி, ஒரு ஜீப் என்பது அரசாணை. பேரினம் இரண்டானால் கண்ணுசாமியும் தனி அதிகாரி ஆகிவிடுவார். ஜீப்பும் வரும்.

ரோமம் உள்ளது ஆணாகவும் இல்லாதது பெண்ணாகவும் இருக்கலாமே என்று ஒரு உதவியாளர் ஒருமுறை கேட்டார். அவர் இப்போது தர்மபுரிப் பக்கம் ஆடு கணக்கெடுக்கிறார்.

கண்ணுசாமி பிசின் வாங்கி ரோமத்தை ஒட்டவைக்கிறார் என்று சரவணமுத்துவுக்குச் சந்தேகம். சரவணமுத்து இடுக்கியால் ரோமத்தைப் பிடுங்கிவிடுகிறார் என்று கண்ணுசாமிக்குச் சந்தேகம். அதனால் பூச்சி அலமாரிக்கு இரண்டு பூட்டு போட்டு, ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் வரும்போது மற்றவர் வரமாட்டார். அலமாரி திறந்து வெகுகாலம் ஆயிற்று. உள்ளே இருந்த செத்த பூச்சிகளை ஏதோ உயிருள்ள பூச்சி தின்றுகொண்டிருப்பதாகக் கூட்டுகிற அம்மாள் சொன்னாள். அது எந்தப் பேரினம் என்று யாரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தோமினிக் இதில் அகப்பட்டுக்கொண்டார்.

அஸ்தம்பட்டியில், ஏற்காட்டுச் சாலையில், தோமினிக் ரொட்டிக்கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் விறகு அடுப்பு, பக்கத்தில் மைதா மூட்டை அடுக்கிய அறை. ரொட்டி கருகினால் அடுப்பிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரியான மனிதர். கணக்கும் வாயும் மனைவி ஞானமேரியின் பொறுப்பு. டிசம்பர் பிறந்திருந்தது. அரிசிப்பாளையத்துக் குடும்பங்களும் கன்னியர் மடமும் கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சொல்லிவைத்திருந்தன. வருஷம் முழுவதும் விற்கிற பன்னும் வர்க்கியும் விறகுக்குத்தான் காணும். கிறிஸ்துமஸ்தான் அவர்களுக்குச் சோறு.

ஒரு காலையில் சரவணமுத்து பன் வாங்க வந்தார். கையை நீட்டியவர் நீட்டியபடியே நின்றுவிட்டார்.

"யாரும் மூச்சு விடக்கூடாது" என்றார்.

மாரடைப்பு என்று நினைத்து, தோமினிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதிகாரியின் கோட்டுக் கையில் ஒரு சாம்பல் பூச்சி உட்கார்ந்திருந்தது. சரவணமுத்து அதன்மேல் டீ கிளாஸைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை எடுத்து, நெடுநேரம் பார்த்தார்.

"ரோமம் இல்லை" என்றார். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கிக்கொண்டது. "இதை யார் உம்மிடம் கொடுத்தது?"

"யாரும் குடுக்கலீங்க. மாவுல வாரதுங்க. சலிச்சு வெயில்ல போட்டா போயிருமுங்க."

"எனக்குச் சாதகமான பூச்சி தானாக வந்து என் கையில் உட்காராது. கண்ணுசாமி அனுப்பினாரா? முதலில் என்னைச் சந்தோஷப்படுத்திவிட்டு, பிறகு ரோமத்தை நான் பிடுங்கினேன் என்று எழுதத் திட்டமா?"

"கண்ணுசாமிங்கிறது யாருங்க?"

"நன்றாக நடிக்கிறீர்" என்று சொல்லிவிட்டு, கிளாஸோடு பூச்சியை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் கண்ணுசாமி வந்தார். பன் எதுவும் கேட்கவில்லை. நேராக மைதா அறைக்குள் போய், ஒரு பூச்சியைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தார். அதற்கு ரோமம் இருந்தது.

"ஒரே மூட்டைக்குள் இரண்டு பேரினமும் குடித்தனம் செய்கின்றன!" என்று கூவினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரவணமுத்து காலையில் இங்கே வந்தாராமே. எத்தனை பூச்சியைச் சவரம் செய்தார்?"

தோமினிக் ஞானமேரியைப் பார்த்தார். ஞானமேரி கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் இரண்டு அதிகாரிகளும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அலுவலகம் தொடங்கியதிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. கையில் அரக்கும் முத்திரையும் இருந்தன.

"ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காக முதலில் பிடிபட்ட இடத்துக்கு முதலிடம் என்று பெயர்" என்று சரவணமுத்து தொடங்கினார். "முதலிடத்தை மாற்றக்கூடாது. மாவைச் சலிக்கக்கூடாது. வெயிலில் கொட்டக்கூடாது."

"அடுப்புப் பற்றவைக்கக்கூடாது. புகைக்குப் பூச்சி ஓடிவிடும்" என்றார் கண்ணுசாமி.

"அப்பறம் ரொட்டி எப்படிங்க சுடறது?" என்று தோமினிக் கேட்டார்.

"உலகமே இந்தக் கடையைப் பற்றிப் பேசப்போகிறது. நீர் ரொட்டியைப் பற்றிப் பேசுகிறீர்" என்றார் சரவணமுத்து வருத்தத்தோடு.

"கிறிஸ்துமஸ் வருதுங்க. கேக்குக்குச் சொன்னவங்களுக்கு நாங்க என்னத்தைச் சொல்லறது?" என்றாள் ஞானமேரி.

"கிறிஸ்துமஸ் ஆண்டுதோறும் வருகிறதம்மா. பேரினம் அப்படியல்ல" என்றார் கண்ணுசாமி.

கதவில் அரக்கு வைத்தார்கள். சாமான்களை எடுக்கக்கூட விடவில்லை. கேக்குக்காக ஊறவைத்திருந்த திராட்சை உள்ளேயே மாட்டிக்கொண்டது.

பூச்சிக்குக் காவலாக மாதையன் என்ற போலீஸ்காரரைப் போட்டார்கள். ஓமலூர்ப் பக்கத்து ஆள். அதுவரை மதுவிலக்குப் பிரிவில் சாராய ஊறல் தேடித் தேடியே நரைத்தவர். ஒரு ரொட்டிக்கடைக்கு, அதுவும் பூச்சிக்கு, சர்க்கார் காவல் போடும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, மேலிடம் தன்னிடம் மறைக்கிறது என்று முடிவு செய்துகொண்டார். கதவிடுக்கில் மூக்கை வைத்தார்.

"புளிச்ச வாசம் அடிக்குதே?" என்றார்.

"பிசைஞ்ச மாவு உள்ளயே கெடக்குதுங்க ஏட்டையா. புளிக்காம என்ன செய்யும்?" என்றாள் ஞானமேரி. அவர் ஏட்டு இல்லை, வெறும் கான்ஸ்டபிள் என்பது அவளுக்குத் தெரியும்.

"எனக்கேவா? நான் மோப்பம் புடிக்காத ஊறலே இந்த ஜில்லாவுல இல்லை தெரியுமா?"

"உள்ள திராட்சையும் ஊறுதுங்க" என்றார் தோமினிக், மறைக்கக்கூடாது என்று.

மாதையன் அர்த்தத்தோடு தலையை ஆட்டினார். ஞானமேரி புருஷனின் காலை மிதித்தாள்.

போலீஸ் நிற்கிறதைப் பார்த்து ஊரும் சந்தேகப்பட்டது. சாராயம் என்றார்கள் சிலர். கள்ள நோட்டு என்றார்கள் சிலர். ஒரு பூச்சிதான் காரணம் என்று தோமினிக் சொன்னபோது, கள்ள நோட்டு என்பது உறுதியாகிவிட்டது. ஞாயிறு பூசையில் அவர்கள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிக் காலியாகவே இருந்தது. கேக்குக்குச் சொல்லியிருந்தவர்கள் செவ்வாப்பேட்டையில் வேறு கடையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

"மடத்துத் தாயாரும் ஆளனுப்பிட்டாங்க. நம்ம கேக்கு வேண்டாமாம்" என்று ஒருநாள் ஞானமேரி சொன்னாள். அழவில்லை. "இந்த மாசம் போச்சுன்னா அடுத்த வருசம் வரைக்கும் காத்தைத்தான் திங்கோணும். போயி கேளுங்க. ரெண்டு பேர்ல எவனாச்சும் மனுசனா இருப்பான்."

தோமினிக் ஃபேர்லேண்ட்ஸுக்கு நடந்தார். சரவணமுத்து அவரை உட்காரவைத்துப் பேசினார்.

"உமது கஷ்டம் எனக்குப் புரிகிறது. நானும் குடும்பஸ்தன். இந்தப் பேரினம் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று நான் ஏன் போராடுகிறேன்? நாட்டின் ஒற்றுமைக்காக. இன்று ஒரு பூச்சியைப் பிரிக்க விட்டால் நாளைக்கு இந்த பங்களாவின் நடுவில் சுவர் வைப்பார்கள். கழிவறை எந்தப் பக்கம் போகும்? யோசித்தீரா?"

கண்ணுசாமியின் அறை எதிரிலேயே இருந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"அவர் ஒற்றுமை என்றிருப்பாரே? நான் உண்மையின் பக்கம். இயற்கை இரண்டாகப் படைத்ததை ஒன்று என்று சொல்ல என் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டுக்குள் நிரூபித்தாகவேண்டும். அதற்குமேல் பதவி உயர்வுக்கு எனக்கு வயது கடந்துவிடும்."

"கடையைத் தொறந்து உட்டா ரெண்டு பேருக்கும் வேணுங்கிற பூச்சியை நானே புடிச்சுத் தாரேனுங்க" என்றார் தோமினிக்.

கண்ணுசாமி பின்வாங்கி நாற்காலியில் சாய்ந்தார். "ஓ. இரண்டு பக்கமும் சப்ளை செய்கிறீரா?"

அன்றைக்கே தோமினிக்கை விசாரணைக்கு உட்படுத்தினார்கள். உமக்கும் பூச்சிகளுக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். இல்லையென்றால் சலிக்க நினைத்தது ஏன் என்று கேட்டார்கள். முட்டைகள் உமது மாவில் யாருடைய தூண்டுதலும் இல்லாமல்தான் இடப்பட்டனவா என்றார்கள். முட்டையிடும்போது தான் பக்கத்தில் இல்லை என்று தோமினிக் உண்மையைச் சொன்னார். அப்போது எங்கே இருந்தீர் என்று கேட்டார்கள்.

அதன் பிறகு கெடுபிடி கூடியது. கடைமேல் பெரிய கொசுவலை ஒன்றைப் போர்த்தினார்கள். ஏற்காட்டுக்குப் போகும் பஸ்கள் அந்த இடத்தில் ஹாரன் அடிக்கக்கூடாது, பூச்சிகளின் இனப்பெருக்கம் பாதிக்கும் என்று சாலையில் பலகை வைத்தார்கள். பலகையைப் படிக்க பஸ்கள் நின்றன. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன.

வலைக்கு வெளியே ஞானமேரி மண்ணடுப்பு வைத்து, அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து கச்சாயம் சுட்டு விற்றாள். வாங்க ஆளில்லை. மாதையன் மட்டும் வாசனை பார்க்கிற சாக்கில் ஒன்று எடுத்துத் தின்பார். முதலில் சந்தேகத்தோடு தின்றார். பிறகு பசியோடு தின்றார். ஒருநாள் தன் வீட்டுக்கும் கொஞ்சம் கட்டித்தரச் சொன்னார்.

"அம்மணி, நானும் இத்தனை நாளா சன்னல் வழியா பார்க்கறேன். உள்ள பூச்சியைத் தவிர ஒண்ணுமே இல்லீங்களே" என்றார், ஏமாந்தவர் போல.

"அதைத்தானுங்களே நாங்களும் சொல்லிக்கிட்டிருக்கறோம்."

"பூச்சிக்கு மெய்யாலுமே காவல் போட்டிருக்காங்களா?" மாதையன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இருவது வருச சர்வீசுங்க எனக்கு."

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தபோது சென்னையிலிருந்து இயக்குநர் வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்து நாற்காலிகளைக் கடைக்கு முன்னால் வலைக்குள் போட்டார்கள். வலையைத் தூக்கி அவரை உள்ளே விட்டபோது, கல்யாண மாப்பிள்ளையைப் போல் கூச்சத்தோடு குனிந்து வந்தார். கடைக்குள் சாம்பல் மேகமாகப் பூச்சிகள் பறப்பது சன்னல் கண்ணாடி வழியே தெரிந்தது.

சரவணமுத்து ஒற்றுமை பற்றிப் பேசினார். கண்ணுசாமி உண்மை பற்றிப் பேசினார். பிசின், இடுக்கி இரண்டும் சாட்சிப் பொருள்களாக மேசைக்கு வந்தன. இயக்குநர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தோமினிக்கைக் கூப்பிட்டார்.

"இவர்கள் இருவருமே உம்மைச் சந்தேகிக்கிறார்கள். ஆகவே நீர்தான் குற்றவாளியாக இருக்கவேண்டும். உண்மையைச் சொல்லும். இந்தப் பூச்சியை எங்கிருந்து கடத்தி வந்தீர்?"

"கடத்தலீங்க சாமி. மாவு மூட்டையோடயே வந்துதுங்க."

"மூட்டை எங்கிருந்து வந்தது?"

"பர்மிட்டு மைதாவுங்க. சர்க்கார் கெடங்குல குடுத்ததுங்க. வேற எங்கயும் வாங்க முடியாதுங்களே."

சாலையில் பலகையைப் படித்துவிட்டு ஒரு பஸ் கிளம்பியது. இயக்குநர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"அப்படியானால் முதலிடம்..." என்று இழுத்தார் சரவணமுத்து.

"அரசுக் கிடங்கு" என்றார் கண்ணுசாமி. சொன்ன வாயை உடனே கையால் மூடிக்கொண்டார்.

இயக்குநர் எழுந்து நின்றார். அவருடைய பேச்சு அன்று நன்றாகவே அமைந்தது.

"நண்பர்களே, அரசுக் கிடங்குகளில் பூச்சி இல்லை என்று மந்திரி போன மாதம்தான் சட்டசபையில் சொல்லியிருக்கிறார். மந்திரி சொன்ன பிறகும் ஒரு பூச்சி இருக்குமானால் அது மந்திரிக்கு எதிரான பூச்சி. அப்படிப்பட்ட பூச்சியை இந்த அலுவலகம் வகைப்படுத்த முடியாது. நாம் அறிவியலாளர்கள். கண்ணால் பார்த்ததை எல்லாம் நம்பிவிடக்கூடாது. இது பேரினம் ஒன்றா இரண்டா என்று நீங்கள் சண்டையிட்டீர்கள். இரண்டுமில்லை. இது பூச்சியே இல்லை. மைதா மிக மெல்லிய பொருள். காற்று பட்டால் அதில் ஒரு பகுதி பறக்கும். நீங்கள் பார்த்தது மாவு."

"ரோமம்?" என்று கண்ணுசாமி ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"சாக்கு நார்."

சரவணமுத்துவும் கண்ணுசாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் ஒரே சமயத்தில், தங்களுக்கும் ஆரம்பத்திலிருந்தே அந்தச் சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்கள்.

"காவல்காரரையும் கேட்டுவிடுவோம்" என்றார் இயக்குநர் பெருந்தன்மையோடு. "உள்ளே பூச்சி ஏதாவது பார்த்தீரா?"

மாதையன் விறைத்து நின்று சலாம் வைத்தார். "பார்த்தேனுங்க ஐயா. ஆயிரக்கணக்குல இருக்குதுங்க. ஒண்ணு என் காதுக்குள்ளயே பூந்துருச்சுங்க."

"நிதானத்தில்தான் இருந்தீரா?"

"மதுவிலக்குல இருந்தவனுங்க ஐயா."

"இவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் இயக்குநர். பிறகு தோமினிக் பக்கம் திரும்பினார். "நீர்தான் கடைக்காரர். நீர் சொல்வதுதான் முக்கியம். பூச்சி பார்த்தீரா?"

தோமினிக் மாதையனைப் பார்த்தார். மாதையன் நேரே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடையை எப்பங்க தொறப்பீங்க?" என்றார் தோமினிக்.

"பூச்சி இல்லையென்றால் முத்திரைக்குக் காரணம் இல்லை. இப்போதே திறக்கலாம். பார்த்தீரா?"

ஞானமேரி மண்ணடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அன்றைக்குச் சுட்ட கச்சாயம் முழுவதும் தட்டில் அப்படியே இருந்தது.

"பார்த்தீரா, இல்லையா?"

"பார்க்கலீங்க" என்றார் தோமினிக். அதைச் சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டு அதிகாரிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று அரக்கை உடைத்தார்கள். கதவு திறந்ததும், மாவின் பறக்கும் பகுதி புகையைப் போல வெளியே வந்து இயக்குநரின் கோட்டிலும் வழுக்கையிலும் உட்கார்ந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. அசையாத முகத்தோடு ஜீப்பில் ஏறிப் போனார்.

மூட்டைகள் நூலாம்படை கட்டி, பாறை பாறையாக இறுகியிருந்தன. கெட்ட மாவுக்கு மாற்று மாவு கேட்டபோது, பூச்சியே இல்லாதபோது மாவு கெட்டிருக்க முடியாது என்று கிடங்கில் சொன்னார்கள். பூச்சி இல்லாததால் அலுவலகத்தை மூடிவிடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மூடவில்லை. பூச்சி ஏன் இல்லை என்று ஆராய இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். கண்ணுசாமிக்கு ஜீப் கிடைத்தது. சரவணமுத்துவின் பக்கத்துக்குக் கழிவறை கிடைத்தது.

மாதையனைக் கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் அவுட்போஸ்டுக்கு மாற்றினார்கள்.

ஞானமேரி மூட்டைகளை உடைத்து, அடியிலிருந்து தேறின மாவை எடுத்து, மறுபடி மறுபடி சலித்து வெயிலில் காயவைத்தாள். கேக்குக்குப் போதவில்லை. ரொட்டிக்குக் காணும். அடுப்புப் பற்றிய முதல் நாள் ஒரு ரொட்டியைச் சூட்டோடு துணியில் சுற்றி, "போங்க, பஸ்ஸு போயிரும்" என்று தோமினிக்கின் கையில் கொடுத்தாள்.

பஸ் நிலையத்தில் மாதையன் தகரப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்திருந்தார். தோமினிக் சன்னல் வழியாகத் துணியை நீட்டினார்.

"ஏட்டையா, நீங்க பார்த்தேன்னீங்க. நான் இல்லைன்னு சொல்லிப்போட்டேன்."

"ஏட்டையா இல்லீங்க, வெறும் கான்ஸ்டபிள். இனிமே ஏட்டு ஆகவும் மாட்டேன்." மாதையன் சிரித்தார். "உங்களுக்கு அடுப்பு இருக்குது. அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போக முடியாது. எனக்கு இந்தத் தடிதான். எங்க போட்டாலும் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அதை உடுங்க. அம்மணி சொகமா?"

"சொகந்தானுங்க."

மாதையன் ரொட்டியைப் பிட்டு, பழைய வழக்கப்படி முதலில் மூக்கருகே வைத்து மோந்தார். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா சலிச்சதுதானுங்க" என்றார் தோமினிக். ஒரு நிமிஷம் கழித்து, "ஒண்ணு ரெண்டு இருந்தாலும் இருக்குமுங்க" என்றார்.

"இருந்தா என்னங்க? மாவுதானே" என்று சொல்லிவிட்டு மாதையன் ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. தோமினிக் கையைத் தூக்கினார். நிலைய வாசலில் பஸ் திரும்பும்போது, மாதையன் வாயிலிருந்து எதையோ விரல் நுனியில் எடுத்து, கண்ணருகே வைத்து உற்றுப் பார்ப்பது சன்னலில் தெரிந்தது. பிறகு அவர் கையை வெளியே நீட்டி, மெல்ல ஊதினார்.

அது விழுந்ததா பறந்ததா என்று தோமினிக் பார்க்கவில்லை. அதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டு, அஸ்தம்பட்டியைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.